திரு. எல். இளையபெருமாளும் அவர் விட்டுச்சென்ற அறிக்கையும்

(மந்தைவெளியில் நடைபெற்ற வெள்ளி விழாச் சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காலை முதல் இம்மேடையில் வாழ்த்துரைகளுக்குக் குறைவில்லை. வாழ்த்தியோர் அனைவர்க்கும் நன்றியுடையோம். ஆனால் எங்கள் குழுவுக்கு இடப்பட்ட பணி வாழ்த்துரைப்பதன்று. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பில் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை எழுப்பினார். "தனித்தொகுதியில் நின்று வென்று தில்லிக்குப் போனவர்கள் நம்மவர்க்கு என்ன செய்தார்கள்?" என்பது அவ்வினா. அவர் கேட்ட சொற்கள் இவற்றினும் கடுமையானவை. மேடைக்கேற்பச் சற்று மென்மைப்படுத்திக் கூறுகின்றோம். வகுப்பில் இருந்த பெரியவர்கள் சிலர் முகஞ்சுளித்தனர். ஒருவர் மட்டும், "கேட்கட்டும், இதைக் கேட்பதற்காகத்தானே படிக்க வைத்தோம்" என்றார். அவ்வினாவுக்கு அன்று விடை கிட்டவில்லை. இன்றைக்கு ஒருவருடைய பொதுவாழ்வை எடுத்துக்கொண்டு, அதன் வழியாக இயன்ற அளவு விடை கூற முயல்கின்றோம்.

யாரை எடுத்துக்கொள்வது என்பதில் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. சென்னையைச் சேர்ந்தவரே வேண்டுமெனில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. நடுவண் சட்டசபைக்குள் ஒடுக்கப்பட்டோர் சார்பில் முதன்முதலாக அடியெடுத்து வைத்த எம்.சி. ராஜா அவர்கள் உண்டு. 1945-46-இல் இம்மாநகரின் மேயராகவும், 1957 முதல் 1962 வரை செங்கற்பட்டுத் தொகுதியின் மக்களவை உறுப்பினராகவும் விளங்கிய பேராசிரியர் என். சிவராஜ் அவர்கள் உண்டு. இவ்விருவர் படங்களும் நம் மன்றச் சுவரில் உள்ளன; இவர்களைப் பற்றி இம்மேடையில் பலமுறை பேசியும் இருக்கின்றோம். படம் மாட்டப்படாத ஒருவரைப் பற்றிப் பேசுவதே தகும் எனக் கருதியே, காட்டுமன்னார்கோயில் தந்த திரு. எல். இளையபெருமாள் அவர்களைத் தேர்ந்தோம். அவர் தென்னார்க்காட்டுக்காரர். அவருக்கும் இந்த மந்தைவெளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கின்றது, அது பின்னர் வரும்.

இளையபெருமாள் அவர்கள் 1924-ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய பள்ளிப் பருவத்தைப் பற்றிப் பலரும் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பள்ளியில் தண்ணீர்ப் பானைகள் இரண்டு வைக்கப்பட்டிருந்தன. ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு ஒன்று, சேரிப் பிள்ளைகளுக்கு ஒன்று. சேரிப் பிள்ளைகளுக்கான பானை ஒருநாள் உடைந்து கிடந்தது. புதுப்பானை வாங்கி வைத்தார்கள், அதுவும் உடைந்தது. மீண்டும் வைத்தார்கள்; மீண்டும் உடைந்தது. உடைத்தவர் சிறுவர் இளையபெருமாளே என்பது தெரியவந்து விசாரணை நடந்தபோது, அவர் மறைக்கவில்லை. ஏன் இரண்டு பானை என்று திருப்பிக் கேட்டார். பள்ளியில் தனிப்பானை வைக்கும் வழக்கம் அத்துடன் நின்றது. இதில் நாம் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அவர் உடைத்தது மற்றவர் பானையையன்று. தமக்கென்று வைக்கப்பட்டிருந்த பானையைத்தான். தமக்குத் தனியாக ஒதுக்கித் தரப்பட்டதை ஏற்க மறுக்கும் இக்குணம் அவரிடம் இறுதிவரை இருந்தது. பின்னாளில் தனித்தொகுதியின் வழியாகவே அவர் மன்றம் புக நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வாழ்வின் சிக்கலும் விளங்கும்.

இளைஞராக வளர்ந்தபின் அவர் முதலில் இறங்கிய களம் கிராமம். சாவுக்குப் பறையடித்தல், செத்த மாட்டைத் தூக்குதல் ஆகிய கட்டாய ஊழியங்களை இனிச் செய்வதில்லை என்று சிதம்பரம் வட்டாரத்துச் சேரிகள் முடிவெடுக்க அவர் ஊர் ஊராகச் சென்று பேசினார். இதைச் சொல்வது எளிது. அன்றைக்கு நிலம் ஊராரிடம், கூலி ஊராரிடம், நடக்கும் பாதையும் ஊராரிடம். ஊழியத்தை மறுத்த குடும்பத்துக்கு மறுநாள் வேலை கிடையாது. சில இடங்களில் அடியும் உதையும் கிடைத்தன. தொண்டு என்ற சொல்லை நாம் இன்று மலிவாக வழங்குகின்றோம். அந்நாளில் அச்சொல்லுக்கு மண்டை உடையக்கூடும் என்ற பொருளும் இருந்தது.

இனி 1952-ஆம் ஆண்டுக்கு வருவோம். குடியரசின் முதல் பொதுத்தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அவர் கடலூர்த் தொகுதியில் நின்றார். வயது இருபத்தேழு. மக்களவைக்கு நிற்பதற்கு வேண்டிய வயதே இருபத்தைந்துதான் என்பதை இங்குள்ள மாணவர்கள் அறிவர்.

அன்றிருந்த தேர்தல் முறை இன்றுள்ளதைப் போன்றதன்று, சற்று விளக்கவேண்டும். தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட இடம் பெரும்பாலும் இரட்டை உறுப்பினர் தொகுதியில் அமைந்தது. ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர். ஒருவர் பொது, ஒருவர் தாழ்த்தப்பட்டோர். வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் இரண்டு வாக்கு. இரண்டையும் ஒருவர்க்கே அளித்தல் கூடாது. கடலூரில் பொது இடத்தை உழைப்பாளர் கட்சியின் கோவிந்தசாமி கச்சிராயர் வென்றார். ஒதுக்கப்பட்ட இடத்தைக் காங்கிரஸின் இளையபெருமாள் வென்றார். மேலோட்டமாகப் பார்த்தால் நம்மவர் ஒருவர் கட்டாயம் உள்ளே செல்ல வழிசெய்த நல்ல ஏற்பாடு இது. உள்ளே நுழைந்து பார்த்தால் வேறு தெரியும். சேரியின் வாக்கு முழுவதும் ஒருவர்க்கே விழுந்தாலும் அது மட்டும் அவரை வெற்றிபெறச் செய்யாது. ஊர்த்தெருவின் இரண்டாம் வாக்கு யார் பக்கம் சாய்கிறதோ அவரே வெல்வார். 1932-ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்திற்குப் பின் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் ஓயாமல் எச்சரித்து வந்த குறை இதுவே. இதன் கொடுமையை அவரே அனுபவித்தார். அதே 1952-ஆம் ஆண்டில், அதே இரட்டை உறுப்பினர் முறையில், வட பம்பாய்த் தொகுதியின் ஒதுக்கப்பட்ட இடத்தில், அரசமைப்புச் சட்டத்தை வரைந்த அம்பேத்கர் தோற்றார். அவரைத் தோற்கடித்தவரும் காங்கிரஸ் வேட்பாளராகிய தாழ்த்தப்பட்ட வகுப்பினர்தான்.

ஆகவே நம் இளைஞரின் வினாவில் நியாயம் உண்டு. அம்பேத்கரைத் தோற்கடித்த அதே முறை இளையபெருமாளை வெற்றிபெறச் செய்தது. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது அவர்க்கும் பெருமை தாராது, நமக்கும் பயன் தாராது. அவர் 1957-இல் சிதம்பரத்தில், மீண்டும் இரட்டை உறுப்பினர் தொகுதியில், வென்றார். 1961-இல் இரட்டைத் தொகுதிகள் ஒழிக்கப்பட்டு இன்றுள்ள தனித்தொகுதி முறை வந்தது. 1962-இல் திருக்கோயிலூர்த் தனித்தொகுதியிலிருந்து மூன்றாம் முறையாக மக்களவைக்குச் சென்றார். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து உறுப்பினர். அக்காலம் முழுவதும் ஆளுங்கட்சியின் உறுப்பினர். கட்சிக் கொறடா கைகாட்டும் பக்கம் வாக்களிக்க வேண்டிய உறுப்பினர். அப்பதினைந்து ஆண்டுகளில் அவர் பேசிய பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புகழ நாங்கள் வரவில்லை.

ஆனால் அவர் முதல்முறை உறுப்பினராக இருந்த காலத்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாக 1950-இலேயே அறிவித்தது. அறிவித்ததைச் செயற்படுத்தத் தண்டனைச் சட்டம் வேண்டுமல்லவா? அது 1955-இல்தான் வந்தது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்பது அதன் பெயர். அவ்வாண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கோயில், கிணறு, கடை, உணவுவிடுதி, சத்திரம் எங்கும் தடுத்தல் குற்றமென்றது. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதில் வரும் 'அல்லது' என்னும் சொல்லே சட்டத்தைத் தின்றது. சிறைக்கும் அபராதத்துக்கும் கீழெல்லை இல்லை. நடுவர் விரும்பினால் சில ரூபாய் அபராதத்தோடு முடித்துவிடலாம். அதனினும் கேடு, நீதிமன்றத்தின் இசைவோடு வழக்கை ராஜி செய்துகொள்ளலாம் என்று சட்டமே இடங்கொடுத்தது. இவ்வவையில் அமர்ந்திருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் 1960-களின் தொடக்கத்தில் தம் ஊரில் நடந்ததை எங்களிடம் கூறினார். தேநீர்க் கடையில் தமக்கெனத் தொங்கவிடப்பட்டிருந்த தகரக் குவளையை மறுத்துக் கண்ணாடிக் குவளை கேட்டார் அவருடைய தமையனார். அடி விழுந்தது. காவல் நிலையம் சென்று மனுக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் வந்து சேர்ந்தார்கள். அறுவடை நெருங்குகிறது, கூலி வேண்டாமா என்று கேட்டார்கள். வழக்கு ராஜியாயிற்று. தமையனார் கைந்நாட்டு வைத்தார். "எழுதப் படிக்கத் தெரியாததால் கைந்நாட்டு வைத்தார் என்று நினைக்காதீர்கள், அவர் எட்டாம் வகுப்புப் படித்தவர். கையெழுத்திட மனம் வரவில்லை" என்று அப்பெரியவர் சொன்னபோது எங்களுக்குப் பேச்சு எழவில்லை.

நாடெங்கும் இப்படி ராஜியான வழக்குகள் எத்தனை என்பதை யார் கணக்கெடுப்பது? அந்தப் பணியின் ஒரு பகுதிதான் இளையபெருமாள் அவர்களிடம் வந்து சேர்ந்தது. 1965 ஏப்ரலில் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. தீண்டாமை, தாழ்த்தப்பட்டோரின் பொருளாதார முன்னேற்றம், கல்வி முன்னேற்றம் ஆகியவற்றை ஆராயும் குழு என்பது அதன் நீண்ட பெயரின் சுருக்கம். தலைவர் இளையபெருமாள். மக்கள் வழக்கில் அது இளையபெருமாள் குழு என்றே நிலைத்துவிட்டது.

அரசு குழு அமைப்பதென்றாலே நமக்கு ஓர் ஏளனம் உண்டு. ஒன்றைச் செய்ய மனமில்லாதபோது குழு அமைப்பது ஆட்சியாளர் வழக்கம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். பல வேளைகளில் அது உண்மையுங்கூட. ஆனால் இக்குழு தில்லியில் உட்கார்ந்து கோப்புப் பார்த்ததோடு நிற்கவில்லை. மாநிலந்தோறும் சென்றது, அதிகாரிகளைக் கேட்டது, சேரிகளில் இறங்கி மக்களையும் கேட்டது. சட்டம் வந்து பத்தாண்டுகள் கடந்த பின்னரும் பொதுக் கிணறு யாருக்குத் திறந்திருக்கிறது, தேநீர்க் கடையில் எத்தனை விதக் குவளை இருக்கிறது, கோயில் வாயிலில் யார் நிறுத்தப்படுகிறார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் பதித்தது. சேரியில் பிறந்த எவர்க்கும் இவை புதுச் செய்திகள் அல்ல. எனினும் அதுவரை அவை நம் வாய்ச்சொல்லாக இருந்தன. அன்று முதல் அவை அரசின் சொந்தத் தாளில் ஏறின. "அப்படியெல்லாம் எங்கள் மாவட்டத்தில் இல்லை" என்று அதிகாரி ஒருவர் மறுக்கும்போது, உங்கள் அரசே அச்சிட்ட நூலின் இன்ன பக்கத்தைப் பாருங்கள் என்று காட்ட முடிந்தது. இந்த மாற்றத்தின் அருமை, மனு எழுதி அலைந்தவர்களுக்கே விளங்கும்.

குழு பணியாற்றிய ஆண்டுகளிலேயே நாடு எப்படி இருந்தது என்பதையும் நினைவூட்ட வேண்டும். 1968 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்துக் கஞ்சிகசெர்லாவில், பித்தளைப் பாத்திரம் திருடியதாகக் குற்றஞ்சாட்டிக் கோட்டேசு என்ற தாழ்த்தப்பட்ட இளைஞரை உயிரோடு எரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, நம் தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். காட்டுமன்னார்கோயிலிலிருந்து கீழவெண்மணி தொலைதூரமன்று. கொள்ளிடம் கடந்தால் அதே காவிரிப் பாசன வயல்வெளிதான். அதற்கடுத்த மாதம், 1969 ஜனவரியில், குழு தன் அறிக்கையை அரசுக்கு அளித்தது.

அப்போது அவர் மக்களவை உறுப்பினர் அல்லர். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் வீழ்ந்தது. மக்களவைக்கான 39 இடங்களில் அக்கட்சிக்குக் கிட்டியவை மூன்று. இளையபெருமாள் அவர்களின் பதினைந்தாண்டு உறுப்பினர் வாழ்வும் அத்துடன் முடிந்தது. பதவி போன ஒருவர் எழுதி முடித்த அறிக்கை இது என்பதை மனத்திற் கொள்ளுங்கள். எங்கள் கருத்தில் அவருடைய பொதுவாழ்வின் மிகச் சிறந்த பணி இதுவே. நாற்காலியில் இருந்தபோது செய்தவற்றைவிட, நாற்காலி நழுவும் நேரத்தில் செய்தது பெரிது.

அறிக்கையின் பரிந்துரைகள் பல. கல்வி உதவி, மாணவர் விடுதி, நிலம், வேலை எனப் பல துறைகளையும் அது தொட்டது. எல்லாவற்றையும் இங்கே விரிக்க நேரமில்லை. ஒன்றை மட்டும் விரிக்கின்றோம். ஏனெனில், இத்தனை துணிவான ஒன்றைப் பழுத்த காங்கிரஸ்காரர் ஒருவர் எழுதுவார் என அக்கட்சியாரே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்து சமுதாயத்தில் பரம்பரைப் பூசாரி முறையை ஒழிக்க வேண்டும். அதற்கு மாற்றாக, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் பயின்று உரிய தகுதி பெற்றவர்களைக் கொண்ட அமைப்பு வேண்டும். அப்பயிற்சி சாதி, இன வேறுபாடின்றி எல்லோர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே அது. சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. நாம் கோபுர வாயிலைக் கடந்தோம். ஆனால் மற்றப் பக்தர் நிற்கும் இடம் வரையில்தான். கருவறைக்குள் நிற்பவர் பிறப்பால் குறிக்கப்பட்டவராகவே இருந்தார். தீண்டாமையின் வேர் எங்கே என்று தேடிச் சென்ற குழு கிணற்றடியில் நிற்கவில்லை, தேநீர்க் கடையில் நிற்கவில்லை. பிறப்பினால் ஒருவர் தூயர், பிறப்பினால் ஒருவர் தூயரல்லர் என்று நாள்தோறும் மணியடித்து அறிவிக்கும் இடம் வரை சென்றது. சிறுவயதில் பானையை உடைத்தவரின் கை அப்பக்கத்தில் தெரிகின்றது.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். காங்கிரஸ் அரசு தில்லியில் அமைத்த குழு, காங்கிரஸ்காரர் தலைமையில் எழுதிய பரிந்துரையை முதலில் எடுத்துச் சட்டமாக்கியது தமிழ்நாட்டில் ஆண்ட திராவிட முன்னேற்றக் கழக அரசு. கருவறை நுழைவுக் கிளர்ச்சியைப் பெரியார் அறிவித்திருந்த காலம் அது. 1970 டிசம்பரில் அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, அர்ச்சகர் பதவிக்குப் பரம்பரை உரிமை இல்லை என்று சட்டமன்றம் விதித்தது. அத்திருத்தத்தின் நோக்கவுரையிலேயே இக்குழுவின் 1969-ஆம் ஆண்டுப் பரிந்துரை எடுத்துக்காட்டப்பட்டது. அறிக்கை அளித்து இரண்டாண்டுகள் கூட ஆகவில்லை. தில்லியில் உறங்கிய தாள் சென்னையில் விழித்துக்கொண்டது.

அர்ச்சகர் குடும்பத்தார் உச்சநீதிமன்றம் சென்றனர். சேஷம்மாள் வழக்கு என்று பெயர்பெற்ற அவ்வழக்கில் 1972 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அர்ச்சகரை நியமிப்பது உலகியல் செயல். ஆகவே பரம்பரை உரிமையை அரசு நீக்கலாம். திருத்தம் செல்லும் என்றனர். நாம் வென்றோம் என்று மகிழ்வதற்குள், ஆகமப்படி அமைந்த கோயிலில் அவ்வாகமம் குறிக்கும் பிரிவினரே பூசை செய்யவேண்டும் என்ற கருத்தையும் அத்தீர்ப்பு விட்டுச்சென்றது. தந்தைக்குப் பின் மகன் என்ற விதி போயிற்று. அதே பிரிவினர் என்ற நிலை நின்றது. ஒரு கையால் திறந்த கதவை மறு கையால் பாதி சாத்தியதைப் போன்ற நிலை.

தில்லியைப் பற்றிச் சொல்ல மறந்துவிடவில்லை. குழுவின் பரிந்துரைகளை ஆராய்ந்து 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 1972-இல் மக்களவைக்கு வந்தது, கூட்டுக் குழுவுக்குச் சென்றது, 1976-இல்தான் நிறைவேறியது. அவ்வாண்டு நவம்பர் 19 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற புதுப்பெயரோடு நடைமுறைக்கு வந்தது. 'அல்லது' போயிற்று, சிறையும் அபராதமும் சேர்ந்தே விதிக்கப்படும், சிறை ஒரு மாதத்திற்குக் குறையலாகாது என்றாயிற்று. ராஜி என்பது ஒழிந்தது. குற்றத்தைப் புலனாய்வு செய்யாமல் வேண்டுமென்றே அலட்சியம் காட்டும் அரசு ஊழியரும் அக்குற்றத்துக்கு உடந்தை எனக் கருதப்படுவார் என்றாயிற்று. நம் மூத்த உறுப்பினரின் தமையனார்க்கு இச்சட்டம் பதினைந்து ஆண்டுகள் பிந்தி வந்தது. ஆயினும் வந்தது. இதன் போதாமையை உணர்ந்தே 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது என்பதையும், அதன் பிரிவுகளைத்தான் இன்று நம் வழக்கறிஞர் பிரிவினர் நாள்தோறும் புரட்டுகின்றனர் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

பிற்காலத்தை விரைந்து சொல்லிவிடுகின்றோம். 1970-களின் இறுதியில் அவர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக இருந்தார். 1980-இல் நம் சென்னையின் எழும்பூர்த் தனித்தொகுதியில் வென்று சட்டமன்ற உறுப்பினரானார். 1980-களின் பிற்பகுதியில் வடமாவட்டங்களில் சேரிகள் தீக்கிரையானபோது, கட்சியின் நிழல் போதாது என்று உணர்ந்தவராய்த் தனியே அமைப்புக் கண்டு, இந்திய மனித உரிமைக் கட்சியை நடத்தினார். காங்கிரஸை விட்டு அவர் இன்னும் முன்னரே வெளிவந்திருக்க வேண்டும் என்று கருதுவோர் உண்டு. எங்கள் குழுவிலும் ஒருவர் அக்கருத்தினர். அவ்வாறு முன்னரே வெளிவந்திருந்தால் அக்குழுவின் தலைமை அவரிடம் வந்திருக்குமா என்று மற்றவர் கேட்டனர். வழக்கு இன்னும் தீரவில்லை. தம் வாழ்க்கையைச் 'சித்திரை நெருப்பு' என்னும் நூலாக அவர் எழுதினார். 2005 செப்டம்பரில் காலமானார். அவர் நூற்றாண்டையொட்டிச் சிதம்பரத்தில் நினைவரங்கம் எழுந்துள்ளது.

இப்போது மந்தைவெளிக்கு வருவோம். மாடுகள் மேய்ந்த மந்தைவெளி என்பதால் இவ்வூருக்கு இப்பெயர் என்பார்கள். இங்கிருந்து இராமகிருஷ்ண மடம் சாலை வழியே வடக்கே நடந்தால் சிறிது நேரத்தில் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தை அடையலாம். பங்குனிப் பெருவிழாவின் அறுபத்துமூவர் நாளன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கூட்டத்தோடு கூட்டமாகச் சென்று, நீர்மோர் குடித்துவிட்டு, பலூன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நம் பாட்டன்மார் அம்மாட வீதிகளில் எப்படி நடந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். அறியாதிருப்பதும் ஒருவகையில் வெற்றிதான்.

2006 மே மாதம் தமிழ்நாடு அரசு, தகுதியும் பயிற்சியும் உடைய எச்சாதியாரும் அர்ச்சகராகலாம் என்று ஆணை பிறப்பித்தது. இளையபெருமாள் அவர்கள் மறைந்து அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 206 பேர் பயிற்சியை முடித்தனர். மீண்டும் வழக்கு. 2015 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையை முற்றாகத் தள்ளவும் இல்லை, முற்றாக ஏற்கவும் இல்லை. ஒவ்வொரு நியமனத்தையும் அந்தந்தக் கோயிலின் ஆகமத்தோடும் அரசமைப்போடும் வைத்துப் பார்க்க வேண்டுமென்றது. பயின்றவர்கள் சான்றிதழைப் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு வேறு வேலை தேடினர். 13 ஆண்டுகள் கடந்தன.

2021 ஆகஸ்டு 14-ஆம் நாள், மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் சார்ந்த மண்டபத்தில், அரசுப் பள்ளிகளில் பயின்ற பல சாதிகளையும் சேர்ந்த 24 பேர் அர்ச்சகர் நியமன ஆணைகளை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்களின் கையால் பெற்றனர். அவர்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் இருந்தனர். 1969-ஆம் ஆண்டு அறிக்கையின் ஒரு பத்தி, 52 ஆண்டுகள் நடந்து, நம் வீட்டு வாயிலுக்கு அருகில் வந்து நின்றது. அன்றைய விழாவில் இளையபெருமாள் பெயரைச் சொல்லி மகிழ்ந்தவர் நம் பகுதியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். விரல் விட்டு எண்ணலாம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கின்றோம். ஆணை பெற்றவர்கள் பணியில் அமர்ந்தபின்னும் வழக்குகள் ஓயவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இளைஞரே! தில்லிக்குப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டீர். போனவர் எல்லோர்க்கும் நாங்கள் விடை சொல்ல இயலாது. சிலர் போனார்கள், வந்தார்கள், அவ்வளவே. இவர் ஒருவரைப் பொறுத்தவரை விடை இது: வாக்கு அளிக்கும்போது அவர் கட்சியின் ஆள். பேசும்போதும் பெரும்பாலும் கட்சியின் ஆள். எழுதியபோது மட்டும் சேரியின் ஆள். அவர் எழுதியதைத் தில்லி ஏழாண்டுகள் தாமதித்து எடுத்தது. சென்னை ஈராண்டில் எடுத்தது. நீதிமன்றங்கள் ஐம்பதாண்டுகளுக்கு மேலாக அதைச் சுற்றியே வாதாடுகின்றன. இவ்விடை போதுமா என்பதை நீர்தான் சொல்லவேண்டும். போதாது என்று நீர் சொன்னாலும் எங்களுக்கு வருத்தமில்லை.

இறுதியாக ஓர் அறிவிப்பு. வரும் ஞாயிறு முதல் நான்கு வாரங்கள், மாலை வகுப்பில், 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்க ஏற்பாடு செய்துள்ளோம். சேஷம்மாள் வழக்குத் தீர்ப்பின் படியும் எடுத்து வைத்திருக்கின்றோம். அது ஆங்கிலத்தில் உள்ளமையால் மேல்வகுப்பு மாணவியர் இருவர் தமிழாக்கிப் படித்துக் காட்ட இசைந்துள்ளனர். முதல் நாள் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தை உரக்க வாசிப்பவர் வினா எழுப்பிய அவ்விளைஞரே. ராஜி பற்றிய பிரிவு வரும்போது, தம் தமையனார் கதையைச் சொன்ன மூத்த உறுப்பினர் இடையிட்டுப் பேசுவார். நாற்காலி குறைவு; பாய் கொண்டுவருவோர் கொண்டுவரலாம்.